அக்னி மூலையில் ஒரு கண்

தொப்பூர்க் கணவாய் ஏறித் தருமபுரிக்குள் வருகிறவர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தார்ப்பாயில் ஒரு கயிறு தளர்ந்திருந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அந்தக் காற்றுக்கும் ஒரு தீ எச்சரிக்கை மணிக்கும் சம்பந்தம் இருக்கும் என்பது, நல்லம்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு நான் போய் இறங்கிய அன்று எனக்குத் தெரியாது.

பெயிண்டும் தின்னரும் கலக்கிற கூடம் அது. மேற்குச் சுவரில் உயரத்தில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். நான்கு மூலைகளிலும் நான்கு ஃபிளேம் டிடெக்டர்கள். தமிழில் சுடர் உணரி என்று சொல்லலாம். அவற்றில் தென்கிழக்கு மூலையில் இருந்தது மட்டும் பத்து நாளில் மூன்று முறை ‘தீ’ என்று கூவியிருக்கிறது. மூன்று முறையும் சைரன், மூன்று முறையும் எல்லோரும் வாசலுக்கு ஓட்டம், மூன்று முறையும் உள்ளே ஒரு தீப்பொறிகூட இல்லை. தென்கிழக்கு என்றால் அக்னி மூலையாயிற்றே! “அந்த மூலையில் வைத்தால் அப்படித்தான்” என்று கடைசி வரை நம்பிய ஆட்கள் அங்கே இருந்தார்கள். மானேஜரின் முடிவு வேறு: உணரி கெட்டுவிட்டது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடலாம்.

மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கெட்டுப்போன மாதிரி தெரியலைங்க சார். கரண்ட் போனாத்தான் கத்துது. அதுவும் சாயங்காலம் போனாத்தான்.”

கோளாறு தேடுகிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைப்பது புதையல் கிடைத்த மாதிரி. எந்தப் பொருள் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், எப்போதெல்லாம் கெடுகிறது, எப்போது கெடுவதில்லை என்று கேட்க வேண்டும். அந்த மனிதர் நான் கேட்காமலே விடையைக் கையில் கொடுத்தார். நான்தான் அதில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டேன். ‘கரண்ட் போனால்’ என்பது காதில் விழுந்தது. ‘சாயங்காலம்’ என்பது விழவில்லை. மின்சாரம் போகும் நொடியில் உணரிகளின் அலாரம் பேனல் பேட்டரிக்குத் தாவுகிறது, அந்தத் தாவலில் ஏதோ இடறுகிறது என்று முடிவுகட்டி, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அரை நாளை வீணாக்கினேன்.

முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. அந்த அரை நாளில் பார்த்தவை, இத்தகைய கருவிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு எங்கே ஒளிந்திருக்கும் என்பதைக் காட்டுகின்றன. கண்ணில் அல்ல, கண்ணுக்குப் போகும் நரம்பில்.

உணரிக்குச் சாப்பாடு 24 வோல்ட் நேர்மின்சாரம். 18 முதல் 32 வோல்ட் வரை தாங்குகிற மாதிரிகள்தான் சந்தையில் அதிகம். பேனலில் 24 காட்டினால் உணரியிலும் 24 இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம் தடை உண்டு. உணரி 300 மீட்டர் தள்ளி இருந்தால் போக 300, வர 300. மொத்தத் தடை 7 ஓமுக்குக் கொஞ்சம் மேல். ஒரே கேபிளில் பல உணரிகள் தொங்கிக்கொண்டு 1 ஆம்பியர் இழுத்தால் 7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கடைசியில் நிற்பவனுக்கு 17 வோல்ட்தான் மிஞ்சும், அது பட்டினி. இதில் ஒரு சூது இருக்கிறது. சும்மா இருக்கும்போது உணரிகள் கொஞ்சமாகத்தான் மின்சாரம் குடிக்கும். அலாரம் அடிக்கும்போதும், முகப்புச் சாளரத்தில் பனி படியாமல் காக்கும் சிறு ஹீட்டர் ஓடும்போதும்தான் அதிகம் குடிக்கும். அமைதியான நேரத்தில் மீட்டர் வைத்து அளந்தால் எல்லாம் சுகமாகத் தெரியும். நிஜத் தீயைப் பார்த்த நொடியில் வோல்டேஜ் சரிந்து உணரி மயங்கி விழும். சுமையோடு அளக்காத அளவு அளவே இல்லை.

உணரி பேனலுடன் பேசும் மொழி மில்லிஆம்பியர். 4 என்றால் நலம், 20 என்றால் தீ. 0 என்றால் கம்பி அறுந்தது, அல்லது மின்சாரம் எட்டவில்லை. இடையில் உள்ள எண்களுக்கும் 4-க்குக் கீழே உள்ள எண்களுக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனி அர்த்தம் வைத்திருக்கிறார்கள். சாளரம் அழுக்கு என்று சொல்ல ஒரு எண், உள்ளே பழுது என்று சொல்ல இன்னொன்று. ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொரு கம்பெனியின் உணரியைப் படிக்கக் கூடாது. நலம் என்பதை 0-விலிருந்தே தொடங்காமல் ஏன் 4-இல் வைத்தார்கள்? ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கும் ‘செத்துவிட்டேன்’ என்பதற்கும் ஒரே எண் இருக்கக் கூடாது என்பதற்காக. தொழிற்சாலைக் கருவியியலில் நான் மிகவும் மதிக்கும் யோசனைகளில் இது ஒன்று. நம் வீட்டு மின்சாரக் காலிங்பெல்லுக்கு இந்த மரியாதை கிடையாது. அது அமைதியாக இருந்தால் யாரும் வரவில்லையா, பெல்லே வேலை செய்யவில்லையா என்று சொல்ல முடியாது.

அன்று மீட்டரில் 26 வோல்ட் குன்றாமல் நின்றது. பேட்டரிக்கு மாறும்போது ஊசி அசையக்கூட இல்லை. ஆனால் வெளிச்சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது உள்ளே அரை டம்ளர் தண்ணீர். கேபிள் மேலிருந்து நேராக, பாக்ஸில் அது நுழையும் கிளாண்டுக்குள் இறங்கியிருந்தது. மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறது. கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே ஏற்றி நுழைத்திருந்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டியிருக்கும். பாக்ஸைத் துடைத்து, பச்சை பூத்த டெர்மினல்களை மாற்றி, வளைவு கொடுத்து மூடினோம். எனக்கு மிகுந்த திருப்தி. ஒரு கோளாறு கண்ணில் பட்டுவிட்டால் அதுதான் நாம் தேடிய கோளாறு என்று நம்பிவிடுகிற ஆசை, இந்தத் தொழிலின் பரம்பரை வியாதி.

மறுநாள் மாலை 5.50-க்குக் கரண்ட் போனது. அக்னி மூலை கூவியது.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தென்கிழக்கு உணரியைக் கழற்றி வடகிழக்கில் மாட்டினோம். வடகிழக்கில் இருந்ததை இங்கே மாட்டினோம். கோளாறு உணரியோடு போகிறதா, மூலையோடு தங்குகிறதா? மின்வெட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், சாயங்காலம் மெயினை நாங்களே இறக்கினோம். அரை நிமிடத்தில் கூவியது அக்னி மூலையில் புதிதாக வந்த உணரி. அங்கிருந்து இடம்பெயர்ந்தது வடகிழக்கில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஆக, உணரி கெடவில்லை. அது எதையோ பார்க்கிறது. எதை என்று தெரிய வேண்டுமானால், தீயில் அது என்னத்தைத் தேடுகிறது என்பது தெரிய வேண்டும்.

ஒரு அகல்விளக்கை ஏற்றி வைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள் ஒளி, எரியாமல் மிஞ்சிய கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வது. அந்த மஞ்சளை வைத்துத் தீயை அடையாளம் காண முடியாது. குண்டு பல்பும் அதே மஞ்சள்தான். தீயின் கையெழுத்து நம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று புறஊதாவில், மிக மங்கலாக. இன்னொன்று அகச்சிவப்பில், பலமாக. பெட்ரோல், தின்னர், விறகு, மெழுகு எது எரிந்தாலும் அதில் கரி இருக்கிறது; கரி எரிந்தால் கரியமில வாயு. அந்தச் சூடான வாயு 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிப் பிரகாசமாக ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு எட்டும் சிவப்பின் எல்லையைவிட இது ஏறத்தாழ ஆறு மடங்கு நீண்ட அலை.

இங்கே இயற்கை பொறியாளர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. ஆனால் அது நம்மிடம் வந்து சேர்வதற்குள் வளிமண்டலத்தைக் கடக்க வேண்டும். அங்கே இருக்கும் குளிர்ந்த கரியமில வாயு, சரியாக அதே 4.3-ஐ ஒட்டிய பட்டையை விழுங்கிவிடுகிறது. கரியமில வாயு வெப்பக் கதிரை விழுங்கும் என்பதை ஜான் டிண்டால் 1859-இல் சோதனைச்சாலையில் காட்டினார். இன்று பூமி சூடாவதைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் அடிப்படை அது. அதே குணம்தான் சுடர் உணரிக்கு வெயிலிலிருந்து ஒரு குடை பிடிக்கிறது. சூரியனில் அந்த இடம் இருட்டு. தீயில் அந்த இடம் வெளிச்சம்.

குடையில் ஓட்டை இல்லாமல் இல்லை. உணரியின் வடிகட்டி எவ்வளவு குறுகலாக அந்தப் பட்டையை மட்டும் உள்ளே விடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கூடத்தில் இருந்தவை பழைய மாதிரிகள்; ஒரே ஒரு அகச்சிவப்புச் சாளரம், அதுவும் கொஞ்சம் அகலமானது. பட்டையின் இரு ஓரங்களிலும் வெயில் கசிந்து உள்ளே வரும்.

அப்படியானால் பட்டப்பகலில் எல்லாம் கத்த வேண்டுமே? கத்தாது. காரணம் உணரியின் உள்ளே இருக்கும் படிகம். சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் மின்னூட்டம் காட்டுகிற ரகம் அது. சூடு ஒரே நிலையில் இருந்தால் எவ்வளவு இருந்தாலும் பேசாது. இந்தக் குணம் ஐரோப்பாவில் பிரபலமானது இலங்கைக் கல்லால். 1700-களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் கற்களைக் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லைச் சூடாக்கினால் சாம்பலைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். புகையிலைக் குழாயில் இருந்து சாம்பல் எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். டூர்மலின் என்ற பெயரே சிங்களச் சொல்லில் இருந்து வந்தது. இன்றைய உணரிகளில் இருப்பது லித்தியம் டான்டலேட் போன்ற செயற்கைப் படிகங்கள், ஆனால் இயற்பியல் அந்தச் சாம்பல் இழுக்கும் கல்லின் இயற்பியல்தான். மால்களில் ஆள் நெருங்கினால் தானே திறக்கும் கதவுகள் சிலவற்றிலும் இதே ரகப் படிகம் உட்கார்ந்திருக்கிறது.

மாற்றத்தை மட்டும் பார்க்கும் கண், தீயில் என்ன மாற்றத்தைப் பார்க்கிறது? துடிப்பை. எந்தச் சுடரும் அசையாமல் நிற்பதில்லை. சூடான வாயு மேலே எழ, சுற்றியுள்ள காற்று கீழிருந்து உள்ளே பாய, சுடர் ஊதி ஊதி அடங்குகிறது. தட்டில் எரியும் எண்ணெய்த் தீக்கு இதைக் கணக்காகவே சொல்லலாம்: தட்டின் அகலம் 1 மீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை துடிப்பு, கால் மீட்டர் என்றால் 3 துடிப்பு. அகலம் நான்கு மடங்கானால் துடிப்பு பாதியாகும். சிறு சுடர்கள் நொடிக்குப் பத்துக்கு மேலும் துடிக்கும். ஆகவே உணரிக்குச் சொல்லி வைத்திருக்கும் பாடம் இதுதான்: 4.3 மைக்ரோமீட்டர் பக்கம் ஒளி வர வேண்டும்; அது நொடிக்கு 1 முதல் 20 வரை துடிக்க வேண்டும்; சில நொடிகள் தொடர வேண்டும். மூன்றும் சேர்ந்தால் தீ.

இந்தப் பாடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் உணரியை ஒரு கையால் மறைத்தபடி ஏணியில் அதன் இடத்தில் என் முகத்தை வைத்தேன். உணரி பார்ப்பதை நானும் பார்க்க வேண்டும் அல்லவா? கீழே தின்னர் பேரல்கள். எதிரே மேற்குச் சுவர். சுவரின் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேனுக்குப் பின்னால் சூரியன்.

மெயினை இறக்கச் சொன்னேன். ஃபேன் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றும் ரகம்; நொடிக்கு 15 சுற்று. மூன்று இறக்கைகள் என்பதால் வெயில் நொடிக்கு 45 முறை வெட்டுப்படும். அது 20-க்கு மேலே. உணரிக்கு அது துடிப்பே இல்லை. மின்சாரம் நின்றதும் ஃபேன் தளர்ந்தது. நிமிடத்துக்கு 400-க்குக் கீழே வந்ததும் துடிப்பு 20-க்குள் இறங்கிவிட்டது. வேறு மாதமாக இருந்தால் ஃபேன் இன்னும் சில நொடிகளில் நின்றே போயிருக்கும். ஆடியில் அது நிற்கவில்லை. மேற்கே இருந்து வந்த காற்று இறக்கைகளைப் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு நூறு சுற்றுக் கணக்கில் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. நொடிக்கு 5 வெட்டு. தங்க நிற வெயில் என் முகத்தில் அடித்து அடித்து மறைந்தது. உணரியின் முன்னால் இருந்த கையை எடுத்தேன். சைரன்.

அந்த எலக்ட்ரீஷியனின் வாக்கியம் முழுவதும் அப்போதுதான் புரிந்தது. ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகிறது. அதே காற்று ஃபேனைச் சுழற்றுகிறது. சாயங்காலச் சூரியன் ஃபேனின் உயரத்துக்கு இறங்கி வருகிறது. ஆடியில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, கொஞ்சம் வடக்கே தள்ளி மறைகிறது. வடமேற்கில் இருந்து வரும் வெளிச்சம் போய் விழும் இடம் தென்கிழக்கு. மார்கழியாக இருந்தால் அது வடகிழக்கு மூலையில் விழுந்திருக்கும், அக்னிக்குப் பதில் ஈசானியத்துக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும். உணரி பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று அடையாளங்களும் பொருந்திய ஒன்றைப் பார்த்துத்தான் கூவியது.

வைத்தியம் எளிது. காற்று உள்ளிருந்து தள்ளும்போது மட்டும் திறந்து, ஃபேன் நின்றால் தானே விழுந்து மூடிக்கொள்ளும் தகடுகள் ஃபேனுக்கு வெளியே போடப்பட்டன. உணரியை இன்னும் கீழ்நோக்கித் திருப்பினோம். மூன்று அகச்சிவப்புப் பட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் புதிய மாதிரிகள் இருக்கின்றன. தீக்குரிய பட்டையில் மட்டும் ஒளி கூடி, பக்கத்துப் பட்டைகளில் கூடாமல் இருந்தால்தான் அவை நம்பும். வெயிலும் சூடான இயந்திரமும் எல்லாப் பட்டையிலும் சேர்ந்து ஏறுவதால் மாட்டிக்கொள்ளும். விலை அதிகம். மானேஜர் தகடே போதும் என்றார், நானும் மறுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை.

கிளம்புவதற்கு முன் மற்ற மூன்றையும் டெஸ்ட் லேம்பால் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. தீயைப் போலத் துடிக்கும் அகச்சிவப்பை வீசும் கைவிளக்கு அது. வடகிழக்கு, சரி. தென்மேற்கு, சரி. வடமேற்கு உணரிமீது விளக்கைப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நெருங்கிப் போய்ப் பிடித்தேன். பேனலில் அதே 4 மில்லிஆம்பியர், நலம். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், உணரிக்கு முன்னால் அழகாக ஒரு சட்டம் அடித்து, கண்ணாடி மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஸ்ப்ரே செய்யும் இடம். பெயிண்ட் பிசிறு படுகிறதே என்று யாரோ அக்கறையோடு செய்த வேலை. கண்ணாடி துடைத்துப் பளபளவென்று இருந்தது.

நம் ஜன்னல் கண்ணாடி நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி. 4.3 மைக்ரோமீட்டர் ஒளிக்கு அது ஏறக்குறையச் சுவர்; பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் உணரியின் சொந்தச் சாளரத்தை நீலக்கல் எனும் சஃபையரில் செய்கிறார்கள். உணரிக்குத் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. உள்ளிருந்து ஒரு சிறு ஒளியை அனுப்பி, தன் சாளரம் சுத்தமா என்று பார்த்துக்கொள்ளும். சாளரம் சுத்தம்தான். சாளரத்துக்கு வெளியே இருக்கும் சட்டத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? கண்ணைக் கட்டிவிட்ட காவலாளி மணிக்கு ஒருமுறை ‘நலம், நலம்’ என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். அது எத்தனை வருஷமாக என்று யாருக்கும் நினைவில்லை. நால்வரில் நல்ல பெயர் வாங்கியது அதுதான்; ஒருமுறைகூடத் தொந்தரவு தந்ததில்லையாம்.

புறஊதா உணரிகளில் இந்தக் குருட்டுத்தனம் இன்னும் எளிதாக நேரும். அவற்றின் உள்ளே இருப்பது வாயு அடைத்த ஒரு சிறு குழல். புறஊதா ஒளி உலோகத்தின்மேல் பட்டால் எலெக்ட்ரான் தெறிக்கும் என்கிற விளைவை ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1887-இல் கவனித்தார். அந்த ஒற்றை எலெக்ட்ரானை உயர் மின்னழுத்தத்தில் பெருவெள்ளமாகப் பெருக்கி எண்ணுவதுதான் குழலின் வேலை. 185 முதல் 260 நானோமீட்டர் வரை மட்டும் பார்க்கும். சூரியனின் அந்தப் பகுதியை ஓசோன் தடுத்துவிடுவதால் வெயிலில் இது முழுக் குருடு, அதுவே இதன் பலம். 5 மீட்டர் தள்ளி ஏற்றும் சிகரெட் லைட்டரைக்கூடக் கண்டுகொள்ளும் கூர்மை உண்டு. ஆனால் எண்ணெய்ப் படலம் இதன் எமன். பனியன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து இயந்திரத்தைத் துடைப்பவர், நல்ல மனதோடு அதே துணியால் உணரியின் முகத்தையும் துடைத்துவிடுவார். கண்ணுக்குப் பளபளப்பு, புறஊதாவுக்கு இருட்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிசிறில்லாத துணியும்தான் வைத்தியம். மறுபக்கம், இது தேவையில்லாமலும் பார்க்கும். வெல்டிங் பொறி, கோடைமழை மின்னல், குழாய் வெல்டைச் சோதிக்கக் கொண்டுவரும் கதிர்ப்படக் கருவி எல்லாமே இதற்குத் தீதான். புறஊதா, அகச்சிவப்பு இரண்டு கண்களும் ஒருசேர ஒப்புக்கொண்டால்தான் அலாரம் என்று வைத்தால் பொய்க்கூச்சல் குறையும். அடர்ந்த கரும்புகை வந்தால் புறஊதாக் கண் அவிந்து, சேர்ந்து ஒப்புக்கொள்வது நடக்காமலே போகலாம் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எல்லாத் தீயையும் பார்க்கிற, தீ அல்லாத எதையும் பார்க்காத உணரி என்று ஒன்று கிடையாது. ஹைட்ரஜன் தீயில் கரியே இல்லாததால், 4.3-ஐ நம்பியிருக்கும் உணரி அதன் எதிரே நின்றாலும் பேசாது.

கொதிகலனில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதே கருவி நேர்மாறான பயத்தைக் கொடுக்கிறது. தருமபுரியின் தென்மேற்கு எல்லையில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். அதற்கப்பால் மேட்டூர் அனல் மின் நிலையம், நான்கு 210 மெகாவாட் அலகுகளும் ஒரு 600 மெகாவாட் அலகும். அதுபோல நிலக்கரித் தூளை ஊதி எரிக்கும் உலைகளில் ஸ்கேனர் என்ற பெயரில் சுடர் உணரிகள் உலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே தீ இருப்பது நலம். தீ அணைவதுதான் ஆபத்து. அணைந்தது தெரியாமல் எரிபொருளை ஊதிக்கொண்டே இருந்தால் உலை முழுக்கத் தூள் நிரம்பி, ஒரு பொறியில் வெடிக்கும். வயதான புறஊதாக் குழல் சில சமயம் ஒளியே இல்லாமல் தானாக எண்ணத் தொடங்கிவிடும். பெயிண்ட் கூடத்தில் அது வெறும் பொய்க்கூச்சல். உலையில் அதுவே, அணைந்த தீயை ‘எரிகிறது’ என்று சாதிக்கும் கொலைகாரப் பொய். அதனால் உலைக்கான சில புறஊதா ஸ்கேனர்களில் கண்ணிமைபோல ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். சில நொடிக்கு ஒருமுறை மூடும். மூடியிருக்கும்போதும் ‘தீ தெரிகிறது’ என்று குழல் சொன்னால் அதை நம்பாமல் எரிபொருளை நிறுத்திவிடும். கண்ணை மூடச் சொல்லி, இப்போது என்ன தெரிகிறது என்று கேட்பது! இதைவிட எளிய உண்மை அறியும் சோதனையை நான் பார்த்ததில்லை.

ஒரே நிலையில் நிற்கும் நல்ல அளவைச் சந்தேகிக்காமல் விட்டதன் பலனை இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் பார்த்தார்கள். 2005 டிசம்பர் 11 அதிகாலை, பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்த தொட்டியின் மட்டமானி ஒரே எண்ணில் நின்றுவிட்டது. தொட்டி வழிந்தது, ஆவி மேகம் வெடித்தது. அந்த மட்டமானி ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதுவரை 14 முறை அப்படிச் சிக்கி நின்றிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் சரிசெய்து ஓட்டினார்கள். ஏன் சிக்குகிறது என்று கடைசி வரை போய்ப் பார்க்கவில்லை. மேல்மட்டம் தாண்டினால் தடுக்க வேண்டிய தனி ஸ்விட்சும் அன்று வேலை செய்யவில்லை. நமக்கு ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது: 2009 அக்டோபர் 29, கசிந்த பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவியாகிப் பரவி வெடித்தது, 11 பேர் இறந்தார்கள்.

இவற்றை எழுதும்போது தருமபுரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் 697 கிலோமீட்டர் நீள விஜயவாடா–தருமபுரி குழாய்வழி 2024 ஜனவரி 2-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மாம்பழத்துக்கும் பாலக்கோட்டுத் தக்காளிக்கும் பெயர்போன மாவட்டத்தில் இப்போது பெட்ரோலும் டீசலும் தரைக்கடியில் வந்து இறங்குகின்றன. பெரிய கிடங்குகளில் இதற்கென்று விதிகளும் ஆட்களும் உண்டு. என் கவலை பெயிண்ட் கூடங்கள், சிறு கொதிகலன்கள், தின்னர் குடோன்கள் பற்றியது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 54-10, ஒரு சிறு தட்டுத் தீயை 25 மீட்டரில் பார்க்கும் உணரியை முதல் வகுப்பு என்றும், 17 மீட்டரில் பார்ப்பதை இரண்டாம் வகுப்பு என்றும், 12 மீட்டர் வரை மட்டும் பார்ப்பதை மூன்றாம் வகுப்பு என்றும் பிரிக்கிறது. தூரம் இரு மடங்கானால் வந்துசேரும் ஒளி கால் பங்கு. வாங்கும்போது எந்த வகுப்பு என்று கேட்பவர்களைவிட, என்ன விலை என்று மட்டும் கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அன்று நான் கிளம்பும்போது பேனலின் பின்பக்கம் ஒரு சாவி சொருகியிருந்தது கண்ணில் பட்டது. முதல் பொய்க்கூச்சலுக்குப் பிறகே, ராத்திரி ஷிப்டில் தூக்கம் கெடக் கூடாது என்று யாரோ அக்னி மூலையை பைபாஸ் செய்து, அதன் அலாரம் அடிக்காமல் அடக்கியிருக்கிறார்கள். காலையில் வருகிறவர் எடுத்துவிடுவாராம். எடுக்க மறந்த நாட்கள் உண்டா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்கள். டெஸ்ட் லேம்ப் பிடிக்கும்போது நாங்களும் பைபாஸ் போட்டுத்தான் பிடித்தோம்; போடாமல் பிடித்தால் சைரன் கூவிவிடும். போட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் பேனல் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த நோட்டில் அதுதான் முதல் வரி.

உங்கள் வேலையிடத்தில் இப்படி ஒரு பேனல் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். பைபாஸில் எது எது இருக்கிறது என்று நாளைக் காலையிலேயே கேளுங்கள். பிறகு, ஒருநாளும் கத்தாத உணரி எது என்று கேட்டு, முதலில் அதன் எதிரே விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள்.